ரொக் நிகழ்ச்சிக்குப் போன தபாலட்டை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் உன் அம்மா தினமும் தொலைபேசியில் உன் நலத்தை விசாரித்து, நீ சொல்லும் பதிலை நம்பாமல் மறுபடியும் விசாரித்து, அந்த வரியை எனக்கு மிச்சம் வைக்காமல் தீர்த்துவிடுகிறாள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிச்சயித்திருக்கும் பெண் தொலைபேசியில் பேசினாள். அந்த நேரம் பார்த்து நான் காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தேன். "மாமா, நீங்க பெரிய ரொக் பாட்டு ரசிகராமே? இப்ப என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். இப்போதைக்கு எண்ணெய் காதுக்குள் இறங்கும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிற மருமகளிடம் முதல் நாளே மரியாதையை இழக்க முடியுமா? தொண்டையைக் கனைத்து, "புதுசா வர்றதெல்லாம் அவ்வளவு சரியில்ல மா" என்று பெரிய மனிதனைப் போல் சொல்லிவைத்தேன். அவள் நம்பிவிட்டாள். நல்ல பெண். உனக்குப் பொருத்தம்.

நீ அவளிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய் என்று புரிந்தது. ரேடியோவின் ரொக் நிகழ்ச்சிக்கு உன் அப்பன் தபாலட்டை எழுதிய கதை. நீ அதை நன்றாகச் சொல்வாய். அறிவிப்பாளர் நம் பெயர்களை வாசிக்கத் திணறியதை நீ நடித்துக் காட்டும்போது நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஆனால் உன் கதை, நீ அதை ரேடியோவில் கேட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நம் எல்கடுவைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று நீ கேட்டபோதெல்லாம் நானும் பகிடியாகவே சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். நாளைக்கு நீயும் ஒரு பிள்ளைக்கு அப்பனாவாய். அதனால் முழுவதையும் கேட்டுக்கொள்.

நீ கொழும்பில் பெயின்ட் கடையில் வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. வடக்கில் யுத்தம் நடக்க, இங்கே தமிழ்ப் பையன்கள் சந்தியில் நின்று பேசவே பயந்த காலம். நீ தங்கியிருந்த தெருவில் ஒரு விடியற்காலை பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்தது என்று கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு உன் கடிதம் வரவில்லை. நான் கிளாக்கராக இருந்த தோட்டத்து ஒபீஸ் தொலைபேசியிலிருந்து உன் கடைக்குப் பேசினேன். தேயிலைப் பெட்டி அனுப்புவதைப் பற்றிப் பேசுபவனைப் போலக் குரலை வைத்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னேன். முதலாளி, "அந்தப் பொடியன் வாறதில்ல, இங்க கேக்க வாணாம்" என்று வைத்துவிட்டார். நான் கொழும்புக்கே வந்தேன். உன் அறைக்குப் பூட்டு. பக்கத்து வீட்டு ஜன்னல், நான் வாயைத் திறந்ததும் மூடிக்கொண்டது. பொலிஸ் நிலையங்களுக்குப் போய் வாசலில் தொப்பி இல்லாத கான்ஸ்டபிளைப் போல விறைப்பாக நின்றேன். இங்கே இல்லை என்றார்கள். இங்கே இல்லை என்பதில் எத்தனை அர்த்தம் உண்டு என்று பஸ்ஸில் மாத்தளை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் யாரும் அழவில்லை. அழுதால் அது உறுதியாகிவிடும் என்று மூன்று பேருக்கும் ஒரே மூடநம்பிக்கை. அம்மா சமைத்தாள், நான் ஒபீஸ் போனேன், உன் தங்கச்சி செல்வி பள்ளிக்கூடம் போனாள். அப்படி ஒரு ஞாயிறு பின்னேரம் செல்வி பழக்கதோஷத்தில் ரேடியோவைத் திருகி ஆங்கில சேவையில் வைத்தாள். நீ வாராவாரம் தவறாமல் கேட்கும் அந்த ரொக் நிகழ்ச்சி. ஏதோ ஒரு கட்டிடம் இடிந்துவிழும் சத்தம் வந்தது. நான் எரிச்சலோடு எழுந்தேன். செல்வி சொன்னாள்: "அண்ணன் எங்க இருந்தாலும் இத கேட்டுக்கிட்டுத்தான்பா இருக்கும்."

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். உன் அறைப் பூட்டும் முதலாளியும் பொலிசும் சொல்லாததை அந்தச் சின்னப் பெண் சொல்லிவிட்டாள். நீ உயிரோடு இருந்தால் இந்த நேரத்தில் உன் காது எங்கே இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

நேயர் விருப்பத்துக்கு எழுதுவதில் நான் கை தேர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். தமிழ்ச் சேவையில் உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா, அம்மா, மாமா, மாமி, சித்தப்பா என்று தொடங்கி, பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பாவையும் சேர்த்து எழுதி வாசிக்க வைத்தவன் நான். ஆனால் இப்போது என்ன பாட்டைக் கேட்பது? நீ விட்டுப்போன கசெட்டுகளில் ஒன்றை எடுத்து, அதில் எழுதியிருந்த பெயரைக் காட்டினேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா, இது பழசு. இத யாரும் இப்ப கேக்கிறதில்ல. இத கேட்டு எழுதினா அண்ணன் வெக்கத்துல ரேடியோவ மூடிரும்."

"அப்ப இப்ப என்னாதான் கேக்கிறாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? டவுனுல அண்ணனோட கூட்டாளி நிமல் அண்ணங்கிட்ட கேளுங்க."

உன் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "பாட்டுப் போட்டா புள்ள வந்துருமாக்கும்?" குடையை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே மாத்தளை டவுனுக்கு பஸ் ஏறினேன்.

கசெட்டில் பாட்டு அடித்துக் கொடுக்கும் அந்தக் கடைக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. வெள்ளைக் கால்சட்டை, கைக்குடை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை என்று நான் உள்ளே நுழைந்ததும், அவசரமாக ஒரு சிகரெட் யாருடைய சட்டைப்பைக்குள்ளோ புகுந்து அங்கிருந்து புகைந்தது. பல்லேபொல நிமலும் துணிக்கடை முதலாளியின் மகன் ஃபாரூக்கும் நின்றார்கள். இரண்டு பேருக்கும் முழங்காலில் கிழிந்த கால்சட்டை. நம் தோட்டத்து லய வீடுகளில் கிழிந்ததை ஒட்டுப்போட்டு மறைப்பார்கள், இவர்கள் காசு கொடுத்துக் கிழித்திருந்தார்கள். நான் நேராகக் கேட்டேன்.

"தம்பி, ரொக் கேக்கிறவங்க எல்லாம் இப்ப என்னா கேக்கிறீங்க?"

ஃபாரூக்கின் முகம் வெளுத்தது. "அங்கிள், சத்தியமா நாங்க உங்க சந்திரனுக்கு ஒண்ணும் பழக்கிக் குடுக்கல்ல. அவன்தான் எங்களுக்குப் பழக்கினான்."

நான் விஷயத்தைச் சொன்னேன். நிமல் குனிந்துகொண்டான். அவன் உனக்கு எழுதிய கடிதமும் திரும்பி வந்திருந்ததாம். எங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று சொல்லாமல் வைத்திருந்தான். பிறகு இரண்டு பேரும் நிமிர்ந்து, எது சரியான பாட்டு என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். மூன்று தொழிற்சங்கங்கள் ஒரே நேரத்தில் ஒபீசுக்குள் வந்த நாளில்கூட நான் அப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை.

"தலைமுடிக்கு ஸ்ப்ரே அடிச்சி ஆடுற ஆக்கள் எல்லாம் முடிஞ்சிபோச்சி அங்கிள்," என்றான் நிமல். "இப்ப புது ஆக்கள். அமெரிக்காவில எப்பவும் மழை பெய்ற ஊர் ஒண்ணு இருக்கு. அங்க இருந்து வாறாங்க. இப்ப எல்லாரும் அதுதான் கேக்கிறது."

"மழை பெஞ்சும் குளிக்க மாட்டாங்க," என்றான் ஃபாரூக்.

"அது ஸ்டைல் மச்சான்."

"என்ன ஸ்டைல்? ஒரே அழுகை. சந்திரனுக்குப் பிடிச்சது கனமான பாட்டு. கிட்டாரில இடி விழணும். பழசா இருந்தாலும் அதுதான் ரொக்."

"அவன் கடைசியா வந்தப்போ இந்தக் கசெட்டத்தான் என்கிட்ட இருந்து பறிச்சிட்டுப் போனான். நீ அப்ப வாப்பாட கடையில துணி அளந்துக்கிட்டு இருந்தாய்!"

கடைசியில் நிமல் தன் வாக்மனை என் தலையில் மாட்டினான். எண்ணெய்த் தலை என்று நான் எச்சரித்தும் கேட்கவில்லை. முதலில் யாரோ ஒருவன் கிட்டாரைத் தூக்கக் கலக்கத்தில் தடவுவதைப் போல இருந்தது. நம் மலைத் தூறலைப் போல. பாடுகிறவன் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னான். இவ்வளவுதானா என்று நினைத்தேன். திடீரென்று மேளமும் கிட்டாரும் ஒன்றாக மேலே விழ, அந்த ஆள் கத்தினான். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியும் இருக்கவில்லை. பூட்டிய உன் அறைக்கு முன்னால் நான் கத்த நினைத்த கத்தல் அது. பொலிஸ் வாசலில் விழுங்கிய கத்தல். கிளாக்கர் வேலைக்கும் வெள்ளைக் கால்சட்டைக்கும் ஒத்துவராத கத்தல். எவனோ ஒரு குளிக்காத வெள்ளைக்காரன் எனக்காக அதைக் கத்திக்கொண்டிருந்தான். கசெட் கடையில், குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நான் அழுதேன்.

பையன்கள் சண்டையை நிறுத்திவிட்டார்கள். ஃபாரூக் மெதுவாக என் தோளைத் தொட்டான். "அங்கிள், சவுண்ட் கூடிப்போச்சா?"

"இல்ல தம்பி," என்றேன். "சரியா இருக்கு. இந்தப் பாட்டுதான்."

பாட்டின் பெயரையும் பாடிய கூட்டத்தின் பெயரையும் ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்கள். இங்கே நான் அதை எழுதப்போவதில்லை. நான் உச்சரித்த விதத்தை வைத்து நீ எத்தனை வருஷம் சிரித்தாய், போதும்.

இனித் தபாலட்டை. உன் அம்மா ஒரே கண்டிப்பு: "புள்ள பேர எழுதிறாதீங்க. வா, போன்னு ஒண்ணும் எழுதிறாதீங்க. நம்ம மட்டுமா ரேடியோ கேக்கிறோம், பொலிசுந்தான் கேக்கும்." அவள் சொன்னது நியாயம். ஆனால் உன் பெயர் இல்லாமல், செய்தி இல்லாமல், அது எங்களிடமிருந்து வந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆங்கில நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு பெயர் எழுதினால் போதும், நீட்டினால் சிரிப்பார்கள் என்று நிமல் வேறு எச்சரித்திருந்தான். செல்விதான் வழி சொன்னாள். "தமிழ்ச் சேவைக்கு எழுதுற மாதிரியே எல்லார் பேரையும் எழுதுங்கப்பா. ரொக் புரோகிராமுக்கு அப்படி எழுதுற குடும்பம் இந்த நாட்டுலயே வேற இருக்காது. அண்ணன் ஒடனே கண்டுபுடிச்சிரும்."

நம் வீட்டுப் பெயர்கள், சரசு அத்தை, அவள் புருஷன் என்று நாலு வரியில் முடித்திருப்பேன். ஆனால் தபால்பை தூக்கும் மாரிமுத்துவின் வாய் உனக்குத் தெரியுமே. கிளாக்கரையா கொழும்பு ரேடியோவுக்குப் பேர் அனுப்புகிறார் என்று லயம் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் வாசலில் கூட்டம். மேல்லயத்து ராக்கம்மா, தன் பெயர் கீழ்லயத்து அன்னம்மாளின் பெயருக்கு முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்றாள். அந்த இரண்டு பேருக்கும் இருந்த கோழி விவகாரம் அப்போதும் தீர்ந்திருக்கவில்லை. கோவில் பூசாரி தயங்கித் தயங்கி வந்தார்.

"என் பேரப் போடுறது சரிங்க கிளாக்கரையா. பாட்டு, சாமி பாட்டுதானே?"

"ஆமா பூசாரி. எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு கேக்கிற பாட்டு."

அவர் திருப்தியோடு போனார். நான் சொன்னது பொய்யும் இல்லை. நீ காணாமல்போன விஷயம் அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் நான் எழுதினேன். ராக்கம்மா மட்டும் படியிறங்கும்போது திரும்பி, "தம்பி காதுல விழணும்னுதானே சாமி எழுதுறீங்க? அன்னம்மா பேரு முன்னுக்கு இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. பெயரைக் கொடுத்தால் அட்டை கனமாகும், கனமானால் உன்னைச் சேரும் என்று வந்திருக்கிறார்கள். அன்று நான் எழுதிய எழுத்து கடுகு அளவு. முகவரி எழுத இடம் மிஞ்சியது அதிர்ஷ்டம்.

அந்த ஞாயிறு வாசிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம்கூட வரவில்லை. அடுத்த ஞாயிறு வாசித்தார்கள். நீ அதைக் கேட்டாய், நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த அறிவிப்பாளர் நம் பெயர்களில் பழைய லொறி எல்கடுவை வளைவுகளில் ஏறுவதைப் போல ஏறி, பூசாரியின் பெயரில் கியர் மாற்றி, கடைசியில் சிரித்தேவிட்டார். கனமான ரொக் இசை ஒரு கோவில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது தனக்குத் தெரியாது என்றார். பிறகு பாட்டு. தங்கள் பெயரைக் கேட்க வந்து நம் முன்னறையில் நின்ற அத்தனை பேரும் ரேடியோவை நெருங்கி வந்து கேட்டார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, "என்னா வேதனையோ அந்தப் புள்ளைக்கு" என்றார். பாடியவனைச் சொன்னாரா, உன்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பகிடிக்காரனுக்கும் சில இடத்தில் கை ஓடாது. ஞாயிறு வந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அறிவிப்பாளர் இரண்டு மூன்று விருப்பங்களை வாசித்தார். பிறகு, பெயர் எழுதாத ஒரு நேயரின் அட்டை என்றார். எல்கடுவையில் ரொக் கேட்கும் எல்லோருக்காகவும் இந்தப் பாட்டாம். தானும் இப்போது இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பதாக அந்த நேயர் எழுதியிருக்கிறாராம். ஒரே ஒரு குறை, போன வாரப் பட்டியலில் மணியை விட்டுவிட்டார்களாம்.

மணி நம் நாய். நாட்டில் வேறு யாருக்கு அது தெரியும்? செல்வி என் கையைப் பிடித்தாள். அந்த ஆங்கிலத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல நான் திரும்பினேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை இங்கிலீஷிலும் உன் அம்மாவுக்கு விளங்கிய ஒரே சொல் 'மணி'. அவள் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். பகலெல்லாம் படியில் படுத்து உறங்கும் அந்தச் சோம்பேறி நாயைக் கட்டிக்கொண்டு, அத்தனை வாரத்து அழுகையையும் அதன் கழுத்தில் அழுதாள். நாய் பயந்து ஊளையிட்டது.

மிச்சம் உனக்குத் தெரியும். உன்னைப் பிடித்து வைத்திருந்து, அடையாள அட்டை இல்லாமல் வெளியே விட்டதும், அது இல்லாமல் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஊருக்கு வர முடியாமல், கடிதம் போடவும் பயந்து, கசெட் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தில் மட்டுமே தெரிந்த ஒரு சிங்களப் பையனின் வீட்டுக் கதவை நீ தட்டியதும். அவனுக்கு உன் முழுப்பெயர்கூடத் தெரியாது, நீ என்ன பாட்டுக் கேட்பாய் என்பது மட்டும் தெரியும். அவன் அம்மா உன்னைக் கேள்வி கேட்காமல் சோறு போட்டார். எங்கள் அட்டையைக் கேட்டு நீ அவருடைய அடுப்படியில் உருண்டு சிரித்ததையும், பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் உன் தலையில் தண்ணீர் தெளித்ததையும் நீயே சொல்வாய். ஆனால் பதில் அட்டையை அவரே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார் என்பதை நீ சிரிப்போடு சிரிப்பாகத் தாண்டிவிடுகிறாய். அந்த நாட்களில் அது சின்ன வேலை இல்லை. உன்னைக் கூட்டிவர நான் வந்தபோது நிமலும் கூட வந்தான். திரும்பும் வழியில் சோதனைக்குப் பஸ்ஸை நிறுத்திய இடத்திலெல்லாம், தோட்டத்துத் துரை கொடுத்த கடிதத்தை நான் தேடி எடுக்கும் முன்னமே அவன் எழுந்து நின்று உனக்காகச் சிங்களத்தில் பேசினான். கிழிந்த கால்சட்டையோடு.

கல்யாணத்துக்கு அட்டை அடிக்கக் கொடுத்திருக்கிறேன். முதல் அட்டை உனக்குச் சோறு போட்ட அந்த அம்மாவுக்கு, நீயும் மருமகளும் நேரில் போய்க் கொடுங்கள். மண்டபத்தில் நிமலையும் ஃபாரூக்கையும் முன்வரிசையில் உட்கார வை. உன் பெரியப்பா முகத்தைத் தூக்கினால் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம். இந்த இசை எனக்கு இன்றுவரைக்கும் விளங்காது. ஆனால் என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் அதைக் கேட்கிறவர்கள். அதற்கு மேல் நான் என்ன விளங்கிக்கொள்ள வேண்டும்? உனக்குப் புத்தி சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன் பிள்ளைகள் எதையாவது பைத்தியமாகக் கேட்டால், பார்த்தால், சேர்த்தால், அது என்ன என்று கேட்டு வைத்துக்கொள். பிடிக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் போதும்.

இன்னும் ஒன்று. நீ வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று பின்னேரம் உன் அறையில் அந்தப் பாட்டைப் போட்டாய். பெரியவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு மெல்லமாக வைத்திருந்தாய். நான் முன்னறையில் இருந்தேன். உன் அம்மா கையில் அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்து உன் கதவைத் தள்ளினாள். நீ பயந்து அணைக்கப் போனாய்.

"ஏன்டா இப்படி மெல்லமா வச்சிருக்க?" என்றாள். "கூட்டி வை. நீ வீட்டுல இருக்கன்னு அடுப்படியில எனக்கு எப்படித் தெரியும்?"

அன்புடன்,
அப்பா